வீடியோவில் இருந்த கை

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் மரியாதை இல்லாமல் பேச மாட்டார்கள். வேலையை விட்டு அனுப்பினால்கூட "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்று ஒரு 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள். கழுத்தை அறுப்பதானாலும் "கொஞ்சம் தலையைத் தூக்கிக்குங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள் என்று நான் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்காக நான் அதைச் சொல்வதில்லை.

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில், ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து பாதி ஆயுளைத் தீர்த்தவள் நான். என்னை அங்கே சேர்த்துவிட்டது என் அண்ணனின் மனைவி. அண்ணியை நாங்கள் நங்கையா என்போம். கம்பெனியில் அவருக்குக் 'கைக்காரக்கா' என்று பெயர். பனியனுக்குக் கை வைத்துத் தைப்பதுதான் அவர் வேலை. நேராக ஓடும் தையலை யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம். கை அப்படியில்லை. வளைந்த துணியை வளைந்த இன்னொரு துணியோடு சேர்த்து, இழுக்காமலும் சுருக்கம் விழாமலும் ஓட்ட வேண்டும். நங்கையா தைத்தது என்றால் செக்கிங் மேஜையில் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. எனக்கே சில நாள் எரிச்சலாக வரும்.

கொரோனா ஓய்ந்து ஆர்டர்கள் திரும்பி வந்த சமயத்தில் கம்பெனியில் ஒரு இன்ஜினியரைச் சேர்த்தார்கள். மெஷின் ரிப்பேருக்கு மெக்கானிக் இருக்கிறார், கட்டடம் கட்டி முடித்தாயிற்று, இன்ஜினியருக்கு இங்கே என்ன வேலை என்று எங்களுக்குப் புரியவில்லை. அவர் மெஷினுக்காக வந்தவர் இல்லை, எங்களுக்காக வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. கோயமுத்தூரில் படித்து முடித்த சின்னப் பையன். வாய் நிறைய அக்கா, அக்கா என்பான். ஒரு நாள் நங்கையாவிடம் வந்து, "நீங்கதானுங்க இங்க பெஸ்ட் டெய்லர். நாளைக்கு நீங்க தைக்கறதை வீடியோ எடுக்கறமுங்க அக்கா" என்றான்.

மறுநாள் கம்பெனி வேனில் ஏறியபோது நங்கையாவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தீபாவளிக்கு எடுத்த சேலை, தலை கொள்ளாத மல்லிகை, முழங்கை வரை வளையல்.

"ஏனுங்க நங்கையா, பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"சும்மா இரு அம்மிணி. ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுப் பையரெல்லாம் பார்ப்பாங்களாம்" என்றார் வெட்கத்தோடு.

பையன் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, ஊசிக்கு நேராகக் குனிந்து பார்க்கும்படி வைத்தான். நங்கையா அதை எட்டிப் பார்த்து, "மூஞ்சி வராதுங்களா தம்பி?" என்றார். "கை மட்டும் போதுமுங்க அக்கா" என்றான். வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் லைன் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. நங்கையாவும் சிரித்துவிட்டு, தைக்க ஆரம்பித்தார். கபடியில் பாடிக்கொண்டு போகிறவரைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தார். பக்கத்தில் ஒருத்தி துணியை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவு வேகமாக அவர் தைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினோம். மேனேஜர் ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு கொடுத்தார்.

கட்டிங் செக்‌ஷன் ஆண்கள் இதில் விவரமானவர்கள். யாராவது வாட்சைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றால், அவர்களுக்குத் திடீரென்று தாகம் எடுக்கும். துணியைத் தடவித் தடவிச் சரிசெய்வார்கள். மெஷினுக்கு எண்ணெய் விடுவார்கள். அந்தச் சூதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் இருப்பதிலேயே நல்ல தட்டை எடுத்து வைத்துப் பழகியவர்கள் நாங்கள். கேமராவுக்கும் நங்கையா அதைத்தான் செய்தார்.

கொஞ்ச நாளில் ஒவ்வொரு மெஷினுக்கும் டேப் என்று ஒரு சின்னத் திரை வந்தது. துணிக்கட்டோடு வரும் கார்டை அதில் காட்டிவிட்டுத்தான் தைக்க வேண்டும். வேகமாகத் தைத்தால் திரை பச்சை, பின்தங்கினால் சிவப்பு. எது வேகம் என்பதை வீடியோவைப் பார்த்து முடிவு செய்திருந்தார்கள். நங்கையாவுக்கு ஒரு கை வைக்க எவ்வளவு நேரம் ஆனதோ, அதுதான் இனி எல்லோருக்கும் நேரம். கை வருகிற வேகத்தில்தான் அடுத்தடுத்த மெஷின்களும் ஓட வேண்டும் என்பதால் லைன் முழுவதற்கும் அதுவே டார்கெட் ஆனது. "கொஞ்சம் சலுகையும் சேர்த்திருக்கமுங்க" என்றான் பையன். என்ன சலுகையோ. நூல் அறுந்தால் கோர்க்கும் நேரம் வீடியோவில் இல்லை. மாதத்தில் அந்த மூன்று நாள் இடுப்பு கழன்று போகிற நேரம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்து, கை ஓடாமல் உட்கார்ந்திருக்கும் நேரமும் இல்லை.

முன்பெல்லாம் சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து லைனுக்கு மொத்தமாக எவ்வளவு என்றுதான் எண்ணுவார். ஒருத்திக்கு முடியவில்லையென்றால் பக்கத்திலிருப்பவள் அவள் கட்டிலிருந்து கொஞ்சம் உருவித் தன் கட்டோடு சேர்த்துத் தைத்துவிடுவாள். அப்படி அதிகமாக உருவியவர் நங்கையாதான். ஒரு பெண் நிறைமாத வயிற்றோடு கடைசி வரை வேலைக்கு வந்தாள். அவள் வேலையில் பாதியை நங்கையா முடித்துக் கொடுத்தது அவள் புருஷனுக்குக்கூடத் தெரியாது. டேப் வந்தபின் ஒருத்தி கட்டை இன்னொருத்தி தைத்தால் சூப்பர்வைசரின் போனுக்குச் செய்தி போய்விடும். யார் யாருக்கு எப்போது கை கொடுத்தார்கள் என்பதைக் கண்டுபிடித்துத் தடுக்கவா இத்தனை படிப்புப் படித்தார்கள்? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கோபம் பையன்மேல் வந்திருக்க வேண்டும். அக்கா என்று கூப்பிடுகிறவன்மேல் எப்படி வரும்? எல்லாம் நங்கையாமேல் வந்து விடிந்தது. எங்களுக்குப் பின்மெஷினில் சிவகங்கைப் பக்கத்துக்காரி ஒருத்தி இருந்தாள். வேனில் எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்: "ஒங்க மதினி சீல கட்டி ஆடுன ஆட்டத்துல எங்களுக்கு ஒண்ணுக்குப் போகக்கூட நேரமில்லாமப் போச்சு." நங்கையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு வேனில் அவர் பக்கத்தில் என்னைத் தவிர யாரும் உட்காருவதில்லை. நன்றாகத் தைத்ததுதான் அவர் செய்த குற்றம்.

அடுத்த வருடம் நங்கையாவின் வலது கட்டைவிரல் அடியில் வீக்கம் வந்தது. கத்தரிக்கோலைப் பிடித்தால் மணிக்கட்டு வரை இழுத்தது. கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் இட்லி மாவைக் கரைக்கக்கூட அந்தக் கை ஒத்துக்கொள்ளவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். அவர் திரை நாள் முழுவதும் சிவப்பாகவே நின்றது. டீ இடைவேளையில் அந்தக் கையை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துவிட்டது யார் என்றால், வேனில் திட்டிய அதே சிவகங்கைக்காரி. தேய்க்கத்தான் முடிந்தது, ஒரு பீஸ் தைத்துக் கொடுக்க முடியவில்லை.

நங்கையாவுக்கு இருந்த ஒரே பயம் கைமடி மேஜை. கைமடி என்றால் பீஸ் எடுத்துக் கொடுப்பது, நூல் பிசிறு வெட்டுவது. தையல் தெரியாதவர்கள் முதலில் சேரும் வேலை. "டெய்லராவே இருந்து வேலையை விட்டு நின்னுக்கோணும் அம்மிணி. அங்க மட்டும் என்னை உட்கார வெச்சுறக் கூடாது" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதற்குள் வீடியோ எடுத்த பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தாள். ஒரு நாள் அவள் நங்கையாவை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டாள். தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை. நானும் போனேன்.

"உட்காருங்க அக்கா. டீ சொல்லட்டுங்களா?" என்றாள் அந்தப் பெண். பிறகு லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினாள். "இது நம்ம பெஸ்ட் ஆபரேட்டர் வீடியோங்க. இவங்க கையைக் கவனிங்க. துணியை எடுக்கறப்பவே திருப்பிடறாங்க. உங்களுக்கு அந்த இடத்துலதான் லேட் ஆகுதுங்க."

திரையில் நங்கையாவின் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. நங்கையா துணி சுற்றிய கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"ஏனுங்க, அது யாரோ இல்லீங்க. இவங்க கைதானுங்க அது."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், நங்கையாவைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் துளியும் கபடம் இல்லை.

"அப்படீங்களா அக்கா! அப்ப உங்களால முடியும்னு வீடியோவே சொல்லுதுங்களே" என்றாள். பிறகு குரல் கொஞ்சம் தயங்கியது. "ஆனா ஒண்ணுங்க. முடியாதவங்கன்னா கைமடிக்கு மாத்தலாம். முடியறவங்க செய்யலைன்னா வேணும்னே மெதுவாத் தைக்கறாங்கன்னு எழுதோணுங்க. அப்படி எழுதினா வேலையில வெச்சுக்க மாட்டாங்க."

"கை வீங்கியிருக்கறது தெரியலீங்களா?" என்று நான் கத்தினேன்.

"தெரியுதுங்க அக்கா. அதுக்கு இதுல இடமில்லீங்க" என்றாள் லேப்டாப்பைக் காட்டி. அவள் கண்ணில் வருத்தம்தான் இருந்தது.

நங்கையா, "இன்னொருக்காப் போடுங்க கண்ணு" என்றார். வீடியோவை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கண் கொட்டாமல் பார்த்தார். முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது நானில்லீங்க. இவளுக்குப் பார்வை செரியில்லை, என்னமோ சொல்றா. நான் என்னைக்கு இத்தனை வேகமாத் தைச்சேன்?"

அந்தப் பெண்ணுக்கு உயிர் வந்தது போலாயிற்று. "அப்ப பிரச்சினையே இல்லீங்க அக்கா" என்று சொல்லிவிட்டு டைப் அடிக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. நானும் "வர்றமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மறுநாள் நங்கையா கைமடி மேஜையில், இடது கையால் பிசிறு வெட்ட உட்கார்ந்தார். அவருடைய மெஷினுக்கு ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து, முதலில் அந்த வீடியோவைக் காட்டினார்கள். மத்தியானம் வரை அவள் திரையும் சிவப்பாகவே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் நங்கையாவுக்கு எதிரில்தான் வந்து உட்கார்ந்தாள். தனக்குத் தெரிந்த தமிழில் என்னைக் கேட்டாள்.

"அக்கா, அந்த வீடியோ... யாரு?"

நங்கையா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவங்க வேலையை விட்டுப் போயிட்டாங்க கண்ணு" என்றேன்.