சிதம்பரத்துக்குப் போன கிறிஸ்மஸ் தாத்தா

எங்கள் சபையின் கிறிஸ்மஸ் தாத்தா ஒரு பெண், அதுவும் கணக்கு டீச்சர், அதுவும் நெற்றியில் விபூதி இல்லாமல் வாசல் தாண்டாதவள் என்பது கடலூரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான், இன்னொருவர் எங்கள் போதகரின் மனைவி. மற்றவர்கள் எல்லோரும் அது யாரோ வெளியூர்ப் பையன் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணக்கு நடத்திய அதே பள்ளியில் நான் பாட்டு டீச்சர். சபையின் பாடகர் குழுவையும் நான்தான் நடத்தினேன். சுருதி விலகினால் கையில் இருப்பதைத் தூக்கி வீசுவேன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஒரே ஒரு தடவைதான் வீசினேன். அதுவும் சாக்பீஸ்.

2004 கடைசியில் கடல் வந்து போன பிறகு, அடுத்த டிசம்பரில் யாருக்கும் மனசு சரியில்லை. வீடு வீடாகப் போய்ப் பாடும் கீத பவனிக்கு, சிவப்பு அங்கியும் முகமூடியும் போட்டு முன்னால் ஆட ஒரு ஆள் வேண்டும். வழக்கமாக ஆடுகிறவர் துபாய்க்குப் போய்விட்டார். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, “நான் ஆடட்டா?” என்றாள்.

“நீயா?”

“எங்க ஊரு சாமியே ஆடுற சாமிடீ. சிதம்பரத்துக்காரிய பாத்து ஆட வருமான்னு கேக்கறியா?”

ஆடினாள் பாருங்கள். வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, பஞ்சு தாடி பறக்க, மஞ்சக்குப்பம் தெருக்களில் அவள் போட்ட ஆட்டத்தில் டோலக் அடிப்பவனுக்கு மூச்சு வாங்கியது. வகுப்பில் அவளைக் கண்டால் வாயைத் திறக்காத பிள்ளைகள் தெருவில் அவள் கையைப் பிடித்துத் தொங்கின. அரையாண்டுத் தேர்வில் கோட்டை விட்டவர்களை அவளுக்குத் தெரியுமே, அவர்களுக்கு மட்டும் இரண்டு மிட்டாய் கொடுப்பாள். நான் பாடவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் திண்டாடுவேன். இப்படி நான்கு டிசம்பர்கள் போயின. சிதம்பரத்தில் அவள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. வார நாட்களில் எங்கள் தெருவிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்ததால் மறைக்கவும் சிரமம் இல்லை. “டீச்சர் நடுத்தெருவுல ஆடுறான்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்” என்பாள்.

2009 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, தலை வாரிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். முந்தின நாள்தான் என்னிடம், இந்த வருஷம் தாடிக்குப் புதுப் பஞ்சு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மழையில் சிதம்பரம் போனேன். எங்களில் சாவு என்றால் உடலைச் சுற்றி நின்று பாடுவோம். அங்கே யாருக்குமே என்னைத் தெரியாது. நான் பாட முடியாமல் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். வந்த பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. பாட்டு வந்தது, அது என் தொழில், தூக்கத்திலும் வரும். ஆனால் கடவுளோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்து எதற்கெடுத்தாலும் அவரிடம் ஓடியவள் நான். அவரையும் இழந்துவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்கூட வாய் திறக்கவில்லை.

கருமாதி முடிந்து, அவள் அறையைக் காலி செய்ய அவள் கணவர் வந்தார். கொஞ்ச நேரத்தில், அவள் போனில் இருந்த நம்பரைப் பார்த்து எனக்கு போன் செய்தார்.

“டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. பீரோவுல ஒரு செவப்பு அங்கி இருக்கு. பஞ்சு தாடி ஒண்ணு இருக்கு. என்னா இது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்துப் பதினைந்து நாளாக அழுத தொண்டையில் இருந்து அப்படி ஒரு சிரிப்பு. ஓடிப்போய், எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் கட்டிலில் உட்கார்ந்து தாடியை மடியில் வைத்துக்கொண்டு, “எங்க கல்யாணத்துல கையப் புடிச்சி இழுத்தாக்கூட ஆட மாட்டேன்னாளே டீச்சர்” என்று சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார். புறப்படும்போது அதையெல்லாம் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவளுடைய அம்மா பேசினார். “மாப்ள சொன்னாரு. எம் பொண்ணு ஆடுவாளாமே. ஊரே பாத்துருக்கு, நான் பாக்கல. இந்த வருசம் எங்க வூட்டுக்கும் வாங்கம்மா.”

சபைக் கமிட்டியில் சொன்னேன். சாவு விழுந்த வீட்டுக்குக் கீத பவனி போகிற வழக்கம் இல்லை, அதுவும் சிதம்பரம் வரைக்கும் எதற்கு என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். “சந்தோஷச் செய்தி சந்தோஷமா இருக்கறவங்களுக்கு மட்டுந்தானா ஐயா? நாலு வருஷமா நமக்கு ஆடினது யாருன்னு தெரியுமா?” என்று போட்டு உடைத்தேன். பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “நல்லா ஆடுற தம்பின்னு வருசா வருசம் முதுகுல தட்டிக் குடுத்தேனே” என்றார். பிறகு அவரே வேனுக்குச் சொன்னார்.

அந்த வேனில் நாங்கள் போன அழகைச் சொல்ல வேண்டும். டோலக், டாம்பரின், மிட்டாய்ப் பை, ஒருவர் மடியில் ஒருவர். குழுவில் அவளிடம் கணக்குப் படித்தவர்கள், அடி வாங்கிய கதைகளைப் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். ஆலப்பாக்கம் தாண்டும்போது, யார் ஆடப்போவது என்று யாரோ கேட்டார்கள். அவளுடைய ஆட்டத்தை அடி அடியாக அறிந்தவள் நான் ஒருத்திதான். கையால் தாளம் போடுவதற்கு மேல் உடம்பை அசைத்திராதவள், பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் ரோட்டோரம் வேனை நிறுத்தச் சொல்லி, வயிற்றில் தலையணையைக் கட்டி, அவளுடைய அங்கியையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆறரை மணி. கோபுரம் தெரிகிற தெரு. பாட்டைத் தொடங்கியதும் நான் ஆடினேன். முதலில் கால் பின்னியது. பிறகு அவள் இடுப்பை வெட்டுகிற வெட்டு, ஒற்றைக் காலில் சுற்றுகிற சுற்று எல்லாம் தானாக வந்தன. தெருவே கூடிவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்கள் தேங்காய்த் தட்டோடு நின்று பார்த்தார்கள். அவள் கணவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், அப்புறம் கை தட்ட ஆரம்பித்தார். அம்மா மட்டும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார்.

ஒவ்வொரு வீட்டிலும் பாட்டு முடிந்ததும் அந்த வீட்டாருக்காக ஜெபிப்பது வழக்கம். எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்து, “நீங்க பண்ணுங்க டீச்சர்” என்றார். முகமூடியை மட்டும் கழற்றினேன். மூச்சு இரைத்தது. வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்றும் நாக்கில் இல்லை.

“ஆண்டவரே, எனக்கு உம்மேல கோவம்” என்று வந்தது. “அவளுக்கு நாப்பது வயசுகூட ஆவல. ஏன் எடுத்துக்கிட்டீர்?”

பின்னால் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான், இந்த வீட்டில் வந்து மானம் போயிற்று என்று நிறுத்திவிட்டேன். சிவப்பு அங்கிக்குள் இருந்த என் கையை ஒரு கை பிடித்தது. கண்ணைத் திறந்தால் அவளுடைய அம்மா.

“நிறுத்தாத கண்ணு. எனக்கும் எங்க நடராசர் மேல இந்தக் கோவந்தான். அவ போனதுலேர்ந்து அந்தக் கோபுரத்த நிமிந்துகூட பாக்கல. எனக்கும் சேத்துக் கேளு.”

கேட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து, அவள் பேரைச் சொல்லிச் சொல்லி, அழுதுகொண்டே, சண்டை போட்டுக் கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஆமென் சொல்லும்போது தெரிந்தது, நான் மறுபடியும் அவரோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.