கடைசி இரண்டு வரிகள்

“வாழ்த்துமடல். இளஞ்சிவப்புத் தாள், கண்ணாடிச் சட்டம், இருபுறமும் மயில். இடம்: அரிமளம், அண்ணன் வீடு. பார்த்த நாள்: மாசி, மூன்றாம் செவ்வாய். குறிப்பு: அச்சகத்தின் பொது வாசகம். தனித்தன்மை எதுவும் இல்லை.”

என் கையெழுத்தில் உள்ள ஓர் அட்டை இது. புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய அச்சுத் தாள்களைத் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி வைப்பது என் வழக்கம். திருவிழா நோட்டீஸ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அந்த அட்டைப் பெட்டியில் உண்டு. எழுதியவற்றில் பல தவறுகளைப் பின்னால் திருத்தியிருக்கிறேன். இந்த ஓர் அட்டையைத்தான் எடுக்கவும் திருத்தவும் கை வராமல் பல நாள் வைத்திருந்தேன்.

வாழ்த்துமடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பார். பந்திக்கு ஓடும் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அது சட்டத்துக்குள் போய், வாசற்படிக்கு மேலே சற்றுக் குனிந்தாற்போல் தொங்கிக்கொண்டு, அந்த வீட்டில் பிறக்கும் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதல் பாட்டாக ஆகிவிடும். இதை எழுதியவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கீழே ‘அன்புடன் வாழ்த்தும்’ என்று இருக்கும் பெயர்களில் யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் அண்ணன் பேருந்து நடத்துநர். அரிமளத்துக்கு வரும் கடைசி டிரிப்பில் பல வருஷம் ஓடினார். வண்டி இரவு அங்கேயே நிற்கும். கணக்கை முடித்துவிட்டு அவர் வீட்டுக்கு வரும்போது தெருவே அடங்கியிருக்கும். கல்யாணத்துக்கு முன்பே, அதே தெருவில் மதினியின் வீட்டு வாசல் விளக்கு மட்டும் எரியும். அண்ணன் பேசாத மனிதர். வண்டியில் ‘உள்ளே போங்க, உள்ளே போங்க’ என்று கத்தித் தீர்ந்துபோய், வீட்டுக்கு ஒன்றும் மிச்சம் கொண்டுவருவதில்லை என்று மதினி கேலி செய்வார். குறைபட்டுக்கொண்டதாக நினைவில்லை. ஒருமுறை அவரைக்காய் அரிந்துகொண்டே வாசற்படிக்கு மேலே தொங்கிய மடலைக் கத்தியை நீட்டிக் காட்டினார்.

“ஒங்கண்ணன் வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல தம்பி. அதுக்குத்தான் கல்யாணத்தன்னைக்கே மொத்தமா அடிச்சு மாட்டிட்டாரு.”

அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வெட்கப்பட்டாரா, காதில் விழவில்லையா என்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மதினி அந்தப் பாட்டை முழுக்க மனப்பாடமாகச் சொல்வார். ‘மங்கல மேளம் முழங்கிட, மாலை தோள் தவழ்ந்திட’ என்று தொடங்கும். கடைசி இரண்டு வரிகள் வரும்போது மட்டும் குரல் இறங்கும்.

கடைசி வண்டி கதவடைத்து வருமட்டும்
விளக்கணையா வாசலுக்கும் எங்கள் வாழ்த்து.

தனக்காகவே அண்ணன் நண்பர்களிடம் சொல்லி எழுத வைத்த பாட்டு என்பது மதினியின் நம்பிக்கை. அதற்கு மேல் அவர் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

அண்ணன் இறந்து முதல் திதி முடிந்த காலத்தில்தான் என் கண்டுபிடிப்பு நடந்தது. வெவ்வேறு ஊர்களில் எடுத்த வாழ்த்துமடல் நகல்களை மேசையில் பரப்பியபோது, நான்கில் ‘மங்கல மேளம் முழங்கிட’ என்ற அதே பாட்டு இருந்தது. பெயர்கள்தான் வேறு. மூன்றாம் வரியில் வரும் ‘வாழ்க’வில் ழகரத்தின் வால் நான்கிலும் ஒரே இடத்தில் உடைந்திருந்தது. அதாவது அச்சகத்தார் ஈய எழுத்துகளைக் கோத்த பக்கத்தைக் கலைக்காமல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்து, கல்யாணத்துக்குக் கல்யாணம் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உடனே நகல்களை எடுத்துக்கொண்டு அரிமளத்துக்குப் பஸ் ஏறினேன். துக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போகிறேன் என்ற எண்ணம் வழியில் ஒரு தடவையும் வரவில்லை.

“வாங்க தம்பி. பழைய பேப்பர்காரரை ரொம்ப நாளாக் காணோமேன்னு நெனச்சேன். இன்னைக்காச்சும் பேரீச்சம்பழம் தருவீங்களா?” என்று மதினி சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நாற்காலி போட்டு ஏறி ழகரத்தைப் பார்த்தேன். வால் உடைந்திருந்தது. கீழே இறங்கி, நகல்களை ஒவ்வொன்றாக அவர் மடியில் வைத்து விளக்கினேன். மதினி நிதானமாகப் பார்த்தார். முன்பின் தெரியாத மாப்பிள்ளைகள், பெண்கள், அதே மேளம், அதே மாலை.

“அப்ப இது எல்லாருக்கும் போட்டதா?”

“ஆமா மதினி. பிரஸ்ஸுல ரெடியா வச்சிருப்பாங்க.”

நான்கையும் மறுபடி புரட்டிவிட்டுக் கேட்டார். “இதுல கடைசி வண்டி இல்லையே தம்பி?”

நான்கு நகல்களும் அவர் கையில் இருந்தன. ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்றுதான் நான்கும் முடிந்தன. பூதக்கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. நாற்காலியும் போட்ட இடத்திலேயே கிடந்தது. நான் ஏறவில்லை.

“அதுவும் வேற எதுலயாச்சும் இருக்கும் மதினி. பஸ்காரங்களுக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருப்பாங்க. தேடுனாக் கெடைக்கும்.”

“இருக்கும்” என்றார். காகிதங்களைத் தட்டி ஒழுங்காக்கி என்னிடம் கொடுத்தார். காப்பி போடப் போனார். அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்த அட்டையை எழுதினேன்.

அடுத்த முறை போனபோது அந்த ஆணியில் உரக்கடைக் காலண்டர் தொங்கியது. கேட்டிருக்கலாம். ‘கண்ணாடி ஒடஞ்சுபோச்சு தம்பி’ என்று ஏதாவது சொல்லியிருப்பார். நானும் நம்பியது போல் இருந்திருப்பேன். மதினி அதற்குப் பின்னும் என்னை அதே அன்போடுதான் வரவேற்றார். பழைய பேப்பர்காரர் என்ற கேலியை மட்டும் மறுபடி சொல்லவில்லை.

சென்ற ஆண்டு மதினியும் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவர் மகன் பீரோவை ஒழித்தபோது, பழைய சேலை ஒன்றில் சுற்றி வைத்த சட்டத்தை எடுத்து, “சித்தப்பா, இது ஒங்களுக்குத்தான் ஆகும்” என்று கொடுத்தான். கண்ணாடி உடையவில்லை. துடைத்துத்தான் சுற்றி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து மேசை விளக்கின் கீழ் வைத்தேன். பூதக்கண்ணாடி தேவைப்படவே இல்லை. கடைசி இரண்டு வரிகளின் எழுத்து மற்ற வரிகளைவிடச் சிறியது, தேயாதது. ‘பெருவாழ்வு வாழ்க’வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இடுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். அந்த அச்சகத்தின் மடல்களில் இதுவரை எனக்குக் கிடைத்த எதிலும் கடைசி வண்டி இல்லை, விளக்கணையா வாசலும் இல்லை. பஸ்காரர்களுக்கென்று தனியாக ஒன்று இருந்ததாகவும் தெரியவில்லை. அதை நான்தான் அன்று அந்தக் கூடத்தில் நின்றபடி உண்டாக்கினேன். இந்தப் பழைய அச்சுத் தாள்களைப் பற்றி நான் எழுதும் நாற்பது பக்கக் கட்டுரையில் அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு வாக்கியம் எழுத மாட்டேன். மதினியிடம் மட்டும் ஆதாரம் இல்லாமல் சொல்லிவிட்டேன்.

மடலின் கீழே உள்ள பெயர்களில் ஒருவர்தான் இன்று இருக்கிறார். அண்ணனோடு வேலை பார்த்த ஓட்டுநர். இப்போது விராலிமலையில் மகள் வீட்டில். போய்ப் பார்த்தேன். மடலைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆளுக்கு ஒரு ரூவா போட்டு அடிச்சோம். பாட்டெல்லாம் பிரஸ்காரரே வச்சிருந்தாரு. இந்தக் கடைசியில இருக்கே, இது எப்படி வந்துச்சுன்னு தெரியலைங்க. நாங்க யாரும் எழுதல. எங்களுக்குக் கையெழுத்துப் போடுறதே பெரும்பாடு.” கொஞ்சம் யோசித்தார். “ஒங்கண்ணன் ஒரு நா டூட்டி முடிஞ்சு பிரஸ்ஸுக்குப் போகணும்னு எறங்கிப் போனாரு. அது நெனவிருக்கு. பத்திரிகை வாங்கப் போனாரோ, எதுக்குப் போனாரோ.”

அச்சகம் இருந்த இடத்தில் இன்று கைப்பேசிக் கடை. அச்சுக் கோத்தவர் யாரென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன்தான் எழுதினார் என்று எழுதிவிட எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆசைப்படுவதாலேயே எழுத முடியவில்லை. மதினி கேட்டபோது இந்த நிதானம் எனக்கு இருந்திருக்க வேண்டும். ‘தெரியலையே மதினி’ என்று சொல்லியிருந்தால் போதும். அந்தச் சட்டம் ஆணியிலேயே இருந்திருக்கும்.

அந்த அட்டையை நேற்று எடுத்து, ‘தனித்தன்மை எதுவும் இல்லை’ என்பதை அடித்தேன். கீழே தேதியிட்டு எழுதியது இது: “கடைசி இரண்டு வரிகள் இந்த மடலுக்கென்றே கோக்கப்பட்டவை. எழுதியவர் மாப்பிள்ளையாக இருக்கலாம். உறுதி செய்யப்படவில்லை.”