இடது முழங்கால்

மைதானத்திலிருந்து நொண்டிக்கொண்டு வந்த மகளுக்குத் தேய்க்கக் கற்பூர எண்ணெயைத் திறந்தேன். அந்த வாசனையோடு அப்பா வந்துவிட்டார்.

போட்டாதாங் துறைமுகப் பகுதியில் ஒரு சரக்குக் கிட்டங்கியின் முதலாளிகள், தங்கள் அணிக்குக் கால்பந்து ஆடுவதற்காகவே அவருக்கு வேலையும் வீடும் கொடுத்திருந்தார்கள். அணியில் இடம் போனால் வீடும் போய்விடும். அதனால் வீங்கிய முழங்காலை மறைத்தே ஆடினார். ஆட்டத்துக்கு முன்னால், அம்மாவுக்குத் தெரியாமல் அதில் கற்பூர எண்ணெய் தேய்த்துத் துணி சுற்றிவிடுவது பத்து வயதில் என் வேலை.

ஒருநாள் அப்பா சொன்னார்: "இன்னும் இறுக்கும்மா. கோச்சு பாத்தா ஒக்கார வச்சிருவாரு."

இறுக்கினேன்.

அன்று பாதி ஆட்டத்திலேயே அவரைத் தூக்கி வந்தார்கள். முழங்கால் கோணிப் போயிருந்தது. நான் போட்ட முடிச்சு மட்டும் அவிழவில்லை. அந்த மாதமே வீட்டைக் காலி செய்தோம். அப்பா பிறகு ஓடவே இல்லை.

எண்ணெய் தேய்த்து, மகளின் முழங்காலில் துணி சுற்றினேன். "கட்டு லூசா இருக்கும்மா," என்றாள்.

"இருக்கட்டும். நாளைக்கு நீ ஆட வேணாம்."