கருத்தக்கண்ணன் படித்த பதினேழு முன்னேற்ற நூல்கள்

வில்லாபுரத்தில் குடியிருந்த கருத்தக்கண்ணனுக்கு முப்பத்தொன்பது வயதில் ஒரு நோய் வந்தது. நோய்க்குப் பெயர் இல்லை. காலையில் எழுந்திருக்கும்போதே முந்தின நாள் பஸ்ஸில் நின்று வந்த கால்வலி அப்படியே இருக்கும். யாரோ ஒரு கட்டு விடைத்தாளை நெஞ்சின் மேல் வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி ஒரு பாரம். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் மனசுதான். கவலப்படாம இருங்க" என்றார். கவலைப்படாமல் இருக்க மாத்திரை உண்டா என்று கேட்கலாமென நினைத்தார். கேட்கவில்லை. அவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. யார் எதைக் கேட்டாலும் மறுப்பதுமில்லை. அதுதான் நோய் என்பது டாக்டருக்கும் தெரியாது, அவருக்கும் அப்போது தெரியாது.

நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழக அலுவலகத்தின் தேர்வுப் பிரிவில் எழுத்தர் வேலை. மார்க் ஷீட்டுகளைக் கல்லூரிவாரியாகப் பிரித்துக் கட்டி, அரக்கு வைத்து அனுப்ப வேண்டும். மார்க்குக்கும் அவருக்கும் உள்ள உறவு, தபால்காரருக்கும் கடிதத்துக்குள் இருக்கிற சேதிக்கும் உள்ள உறவுதான். ஆனால் செக்கானூரணிக்கு மேற்கே அவருடைய சொந்தபந்தங்கள் இருக்கிற ஏழு ஊர்களில், பாஸ் போடுகிற பேனா கருத்தக்கண்ணன் சட்டைப்பையில்தான் இருக்கிறது என்பது முடிந்துபோன விஷயம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வாசலில் ஆள் நிற்கும்.

"பயலுக்கு ரெண்டு பேப்பர் நிக்கிதுப்பா. நீ மனசு வச்சா ஆகாதா?"

"பாப்போம் மாமா."

பையன் தானாகப் படித்துத் தேறினால் ஒரு தார் வாழைப்பழம் வரும். தேறாவிட்டால், அடுத்த கல்யாண வீட்டில் அந்த மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழத்தைத் தின்னவும் கூச்சம், மாமாவைப் பார்க்கவும் கூச்சம். இரண்டு கூச்சத்தையும் சுமந்துகொண்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்வந்தார்.

நோயைக் கண்டுபிடித்தது எதிர் நாற்காலி டைப்பிஸ்ட் ஆசீர்வாதம். மிஷன் பள்ளி ஹெட்மாஸ்டரின் மகன். கோபத்தை அடக்குவது பற்றி ஆறு புத்தகங்கள் படித்தவர். ஏழாவதை இரவல் வாங்கித் திருப்பித் தராத ஆளோடு மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"மாப்ள, ஒனக்கு இருக்கது நோயே இல்ல. மாட்டேன்னு சொல்லத் தெரியல, அம்புட்டுதான். அதுக்குப் புத்தகம் இருக்கு."

"இதுக்கெல்லாமா புத்தகம் போடுறாய்ங்க?"

"எதுக்குத்தான் போடல? சிரிச்சு வாழுறது எப்படின்னு ஒருத்தன் எரநூறு பக்கம் எழுதியிருக்கான். முழுசாப் படிச்சேன். சிரிப்பே வரல."

அப்படித்தான் தொடங்கியது. அது எழுபத்தெட்டாம் வருஷம். புதுமண்டபத்துப் புத்தகக் கடையில் ஒன்று வாங்கினார்; எண்பத்திரண்டுக்குள் பதினேழு ஆகிவிட்டது. எல்லாம் ஏறக்குறைய ஒரே புத்தகம்தான். முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் பத்திரிகை விற்றுக்கொண்டிருப்பான். பத்தாம் பக்கத்தில் பெரிய முதலாளி ஆகிவிடுவான். இடையில் மனத்தை வென்றிருப்பான். இத்தனை வெள்ளைக்காரர்களில் ஒருவனுக்காவது அக்கா இருந்ததாகப் புத்தகத்தில் இல்லை. கருத்தக்கண்ணனுக்கு இருந்தாள்.

மனசைப் பற்றிய புத்தகம் படிக்கிறான் என்று தெரிந்தால் வில்லாபுரத்தில் என்ன பெயர் கட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றுக்கும் காக்கி அட்டை போட்டு, மேலே 'தேர்வு விதிகள்' என்று எழுதியிருந்தார். பஸ்ஸில் நின்றபடி படிப்பார். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு பயிற்சி இருக்கும். மேலதிகாரி உத்தரவு மாதிரி அதை அப்படியே செய்வார். சின்ன விஷயத்தில் மறுத்துப் பழகு என்று ஒரு புத்தகம் சொன்னது. டீக்கடையில் "சீனி போடவாண்ணே?" என்று கேட்டபோது, தைரியத்தை எல்லாம் திரட்டி "வேண்டாம்" என்றார். மறுநாளிலிருந்து கடைக்காரர் கேட்காமலே சீனி போடாமல் கொடுத்தார். எனக்குச் சீனி வேண்டும் என்று எப்படிச் சொல்வது? நாலு வருஷமாகச் சப்பென்ற டீயைக் குடித்துவந்தார்.

எண்பத்திரண்டு வைகாசியில், டீயைப் போல் விழுங்கிவிட முடியாத ஒன்று வந்தது. மகள் அன்னக்கொடி பிளஸ் டூ முடித்திருந்தாள். கணக்கில் நல்ல மார்க். கல்லூரியில் சேர்ந்து கணக்கே படிக்க வேண்டும் என்றாள். அதே வாரம் அக்கா மாயக்காளிடமிருந்து சேதி வந்தது: தவசிக்கும் அன்னக்கொடிக்கும் ஆவணியில் வைத்துக்கொள்வோம்.

அது கேள்வி இல்லை. தம்பி மகள் பிறந்த அன்றைக்கே அக்கா மகனுக்கு என்று ஆகிவிடுகிற ஊர் அது. வந்து ஒரு வார்த்தை சொல்வதே மரியாதைக்காக. தவசி டிராக்டர் ஓட்டினான். குடி இல்லை, பீடி இல்லை, வாய் அதிர்ந்து பேச மாட்டான். ஒரே ஒரு கெட்ட பழக்கமாவது இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று கருத்தக்கண்ணன் ஏங்கினார். போதாததற்கு, கருத்தக்கண்ணன் பள்ளிக்கூடம் போனதே மாயக்காள் போகாமல் ஆடு மேய்த்ததால்தான்.

"அப்பா, அத்தைகிட்ட சொல்லிருவீங்கள்ல?" என்றாள் அன்னக்கொடி.

"பாப்போம்த்தா."

"எல்லாருக்கும் சொல்ற பாப்போமா, எனக்குன்னு வேற பாப்போமா?"

அவர் போய்ப் பதினேழாவது புத்தகத்தை வாங்கிவந்தார். அதில் புதிய பயிற்சி இருந்தது. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, உன் உருவத்தை நோக்கி விரல் நீட்டி, உரத்த குரலில் பத்து முறை சொல்: நான் அஞ்சமாட்டேன், எனக்கு வேண்டாததை வேண்டாம் என்பேன்.

குளிக்கிற இடத்துச் சுவரில் முகம் மழிக்கும் கண்ணாடி தொங்கியது. முதல் நாள் குரல் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. "வேண்டாம்! வேண்டாம்!" என்று கண்ணாடியைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டிருந்ததை மனைவி ஒச்சாயி, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி முழுதாகப் பார்த்தாள். குடத்தை இறக்கிவைத்தாள். வியாழக்கிழமை நாத்தனார் வந்தபோது சொன்னாள்.

"மதினி, ஒங்க தம்பி கண்ணாடியோட சண்ட போடுறாக. வெரல நீட்டி."

"என்னன்னு சொல்றான்?"

"வேண்டாம் வேண்டாம்னு."

மாயக்காள் கன்னத்தில் கை வைத்தாள். "அடி ஆத்தீ! எந் தம்பி பொறந்ததுலருந்து அந்த வார்த்தையச் சொன்னதில்லையே. அது அவன் இல்லடி. வேற எதுவோ பேசுது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்காவின் ஊருக்குப் பக்கத்தில் நல்லகாமன் என்றொரு கோடாங்கி இருந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். அவரிடம் வரமாட்டேன் என்று சொல்லக் கருத்தக்கண்ணனால் முடிந்திருந்தால், கோடாங்கியே தேவைப்பட்டிருக்காது. அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, அக்காவும் அவள் பிடித்திருந்த சேவலும் முன்னே போகப் பின்னால் போனார்.

நல்லகாமன் வெகுநேரம் உடுக்கையை அடித்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இவன் தோள்ல ஏழு ஊரு ஒக்காந்துருக்கு. எறங்க மாட்டேங்குது."

கருத்தக்கண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினேழு புத்தகங்களில் ஒன்றுகூட இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

"ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளு. இவன்கிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது. இவன் யாருக்கும் வாக்குக் குடுக்கக் கூடாது. குடுத்தா, இவன்கிட்ட இருக்கது வாக்கு வாங்குன ஆளுகிட்டப் போயிரும். அதுவரைக்கும் இவன் வீட்டுல நல்ல காரியம் பேசப்படாது."

"சாமி, ஆவணியில எம் மகனுக்கு..." என்று இழுத்தாள் மாயக்காள்.

"மண்டலம் முடியட்டும்."

சேவலையும் கொடுத்து, கல்யாணப் பேச்சையும் தள்ளிப்போட்டுவிட்டு அவள் வீடு திரும்பினாள்.

சேதி ஏழு ஊருக்கும் போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒருவரும் இல்லை. வேப்பிலைக் கொத்து மட்டும் தொங்கியது. அன்று மத்தியானம் கருத்தக்கண்ணன் மூன்று மணி நேரம் தூங்கினார். அடுத்த ஞாயிறும் தூங்கினார். நெஞ்சுப் பாரம் பாதியாகக் குறைந்தது. மகளோடு பெண்கள் கல்லூரிக்குப் போய் விண்ணப்பத்தில் கையெழுத்தும் போட்டார். வாக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் கோடாங்கி சொன்னார்; கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் விதிகளோடு வாழ்ந்தவருக்கு இது போதும். அக்கா காதுக்கு அது போகாமல் ஒச்சாயி பார்த்துக்கொண்டாள்.

"அப்பப் புத்தகம் தோத்துருச்சா மாப்ள?" என்றார் ஆசீர்வாதம்.

"புத்தகத்தப் படிக்கப்போயித்தான பேய் பிடிச்சது. பேய் பிடிச்சதுனாலதான நிம்மதி."

"இத நீயே எழுதிரு. பதினெட்டாவது புத்தகம்."

மண்டலம் ஆடியில் முடிந்தது. ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள் என்பதால் இருபது நாள் இலவசமாகக் கிடைத்தது. அதுவும் தீர்ந்தது. ஆவணி முதல் ஞாயிறு, தட்டில் வெற்றிலை பாக்கோடு மாயக்காள் வந்து பாயில் உட்கார்ந்தாள். ஒச்சாயி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இப்ப எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கேன்க்கா."

"அப்பச் சரி. பத்தொம்பதாந் தேதி நல்ல நாளா இருக்கு. தட்ட வாங்கிக்க."

முதலில் நன்றி சொல், பிறகு காரணத்தை விளக்கு, கடைசியில் உறுதியாக மறு என்று புத்தகம் சொல்லியிருந்தது. கருத்தக்கண்ணன் கடைசியிலிருந்து தொடங்கிவிட்டார்.

"வேண்டாம்!"

குரல் கண்ணாடி முன் பழகிய குரல். விரலும் தானாக நீண்டுவிட்டது.

மாயக்காள் கோபப்படவில்லை. பதறி எழுந்தாள். "ஏ ஒச்சாயி, திருநீற எடுத்தா! இன்னும் போகலடி!" தம்பியின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, நெற்றி நிறையப் பூசினாள். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பிடித்த அதே பிடி. "இது நீ பேசலடா தம்பி. எனக்குத் தெரியும். எந்திரி, நல்லகாமன்கிட்டப் போவோம். இன்னொரு மண்டலம் ஆனாலும் பொறுத்துக்கிறேன். இந்தத் தடவ கெடா வெட்டுறேன்."

வழி திறந்துதான் இருந்தது. பேசாமல் எழுந்து போனால் போதும். பழி யார் மேலும் விழாது. இன்னும் நாற்பத்தெட்டு நாளில் ஏழு ஞாயிற்றுத் தூக்கமாவது கிடைக்கும். அதற்குப் பிறகு தை வரும், தட்டும் வரும், மகள் பாதிப் படிப்பில் புத்தகத்தை மூடிவைக்க வேண்டும். அடுப்படி நிலையில் அன்னக்கொடி நின்றுகொண்டிருந்தாள்.

கருத்தக்கண்ணன் கண்ணை மூடினார். இமையில் திருநீறு உதிர்ந்தது. களைப்பாக இருந்தது. மறுபடி இரண்டு பஸ், மறுபடி உடுக்கை, மறுபடி அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டே அவளை ஏமாற்றுவது. புத்தகங்கள் துணிச்சல் என்று எழுதியிருந்த சாமான் அன்றைக்கும் அவரிடம் இல்லை. இன்னொரு பொய்யைத் தூக்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

"இல்லக்கா," என்றார், மெதுவாக. "நான்தான் பேசுறேன். வேற எதுவும் இல்ல. அன்னைக்குக் கண்ணாடி முன்னாடி பேசுனதும் நான்தான். புள்ள காலேஜுல சேந்து ரெண்டு மாசமாச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டேன். தவசி நல்ல பய. அவன்மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா வேணாம்க்கா."

மாயக்காளின் கை அவர் தலையிலிருந்து இறங்கியது. விரலில் ஒட்டியிருந்த திருநீற்றைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆட்ட விட்டுட்டு நானும் பள்ளிக்கூடம் போயிருந்தா, எனக்கும் இப்படி நறுக்குன்னு பேச வந்துருக்கும்ல?" என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "மதினி, தண்ணியாச்சும் குடிச்சிட்டு..." என்று ஒச்சாயி பின்னாலேயே ஓடினாள். செம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

மறுத்துப் பழகியவன் மனம் இறகு போல் ஆகும் என்று பதினேழு புத்தகங்களும் ஒருமுகமாகச் சொல்லியிருந்தன. கருத்தக்கண்ணனுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஏழு ஊர் இறங்கிப்போனது உண்மைதான். அக்காவுக்கே மாட்டேன் என்றவனிடம் யார் மார்க் கேட்டு வருவார்கள்? ஆனால் இறங்கிய இடத்தில் அக்கா ஒருத்தி ஏறி உட்கார்ந்திருந்தாள். முன்பு பாரத்துக்குப் பெயர் இல்லை. இப்போது பெயரும் இருந்தது, முகமும் இருந்தது. உறவுகளை வெல்வது எப்படி என்று ஆசீர்வாதம் புதிதாக ஒரு புத்தகம் கொண்டுவந்து நீட்டினார்.

"இதுல அக்கா வருதா?"

"இல்ல. ஒரு வியாபாரியும் அவன் வாடிக்கையும்தான்."

"வேணாம் மாப்ள" என்றார். அது ஒரு சிரமமும் இல்லாமல் வந்தது.

தையில் தவசிக்கு வேறிடத்தில் கல்யாணம். தாய்மாமனைத் தட்டோடு வந்து நேரில் அழைக்க வேண்டும். கருத்தக்கண்ணனுக்குத் தபாலில் பத்திரிகை வந்தது. போகாதீர்கள் என்றாள் ஒச்சாயி. போனார். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவர் நின்று மாலை போட்டார். இவர் பந்தலின் கடைசிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தார்.

மாயக்காள் பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பரிமாறுகிறவனிடம், "அந்தக் கடேசி எலைக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வையி. வெறும் எலையா இருக்கு பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சமையல் கொட்டகைப் பக்கம் போனார். அவள் அண்டாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாரேன்க்கா."

திரும்பவில்லை. மூடி சரியாக உட்காரவில்லை போலும். எடுத்து மறுபடி வைத்தாள்.

"புள்ளைக்குப் பரீட்சை எப்ப?"

"ஏப்ரல்லக்கா."

"ம்" என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவரும் நிற்கவில்லை. மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க ஒரு மைல் நடக்க வேண்டியிருந்தது.