தமிழில் சொன்னது

திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு, தமிழில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது என்று நம்பிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இந்த ஊரில் மொட்டை அடித்துவிடுகிறவருக்குத் தமிழ் தெரியும். செருப்புக்கு டோக்கன் தருகிறவருக்குத் தெரியும். ஆட்டோக்காரர் நம் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் பேரம் ஆரம்பித்துவிடுவார். தலை நரைக்கும்வரை கணக்கு வாத்தியாராகக் காலம் தள்ளிய எனக்கு இந்தச் சின்னக் கணக்கு வரவில்லை.

நான் நகரிப் பக்கத்து ஆள். வீட்டில் தமிழ், ஸ்டாஃப் ரூமில் தெலுங்கு, வகுப்பில் இங்கிலீஷ் என்று மூன்று நாக்கோடு அலைகிறவன். தினமும் காலையில் பஸ் பிடித்து, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற புத்தூர் வழியாக, திருப்பதிக்கு வெளியே இருக்கிற ஒரு தனியார் பள்ளிக்கு வந்துவிடுவேன். அங்கே தமிழ் பேச எனக்கிருந்த ஒரே துணை இந்தி டீச்சர். நாகலாபுரத்துக்காரர். எங்கள் இருவருக்கும் தமிழ் ஒரு மறைவிடம் மாதிரி. பெற்றோர்களைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ அதை அவர்கள் முன்னாலேயே, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு பேசித் தீர்த்துவிடுவோம்.

அப்படி நாங்கள் பேசித் தீர்க்க முடியாத ஒருவர் இருந்தார். எட்டாம் வகுப்புப் பெண் ஒன்றின் அப்பா. போர்வெல் லாரி வைத்திருந்தார். கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகியவர், அதனால் அவர் 'நமஸ்காரம்' என்றாலே அடுத்த வகுப்புவரை கேட்கும். நாங்கள் வைத்த பெயரும் கம்ப்ரஸர்தான். அரை மார்க் குறைந்தால் பேப்பரோடு வந்து நிற்பார். முதல் ரேங்க் பிள்ளையின் பேப்பரையும் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதற்கு ஏன் கொடுத்தாய், அதற்கு ஏன் கொடுக்கவில்லை என்று வரிவரியாகக் கேட்பார். சயின்ஸ் டீச்சர் ஒருமுறை அவர் போனபிறகு பாத்ரூமுக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. மேலே புகார் சொல்லவும் வழியில்லை. பள்ளியில் நாங்கள் குடிக்கிற தண்ணீரே அவர் போட்டுக் கொடுத்த போரில் வருவது. மற்றவர்கள் தோண்டிப் புழுதி மட்டும் கிளப்பிய இடத்தில் இவர் தண்ணீர் காட்டினார் என்று, இவரைக் கண்டால் கரஸ்பாண்டெண்ட் எழுந்து வாசல்வரை வருவார். நாங்கள் போனால் செல்போனிலிருந்து கண்ணைக்கூட எடுக்கமாட்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவர் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். பேசமாட்டார், பார்ப்பார். நான் போர்டில் எழுதிக்கொண்டிருப்பேன், முதுகு சூடாகும். திரும்பிப் பார்க்காமலேயே தெரியும். அந்த நேரங்களில் நான் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதைக்கூட இரண்டு தடவை சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அவர் மகளுக்குக் கணக்கு நன்றாகவே வரும். அவர் இல்லாத நாளில் பக்கத்துப் பெண்ணுக்கு அது சொல்லிக் கொடுப்பதை நான் கேட்டிருக்கிறேன், என்னைவிடச் சுலபமாகச் சொல்லும். பரீட்சை என்று வந்தால் மட்டும் உள்ளங்கை வியர்க்கும். கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை வைத்து எழுதும். அப்படியும் பேப்பர் நனைந்து, எழுத்து கலங்கி, ஓரத்தில் நைந்து போயிருக்கும். ஜன்னலில் அப்பா நின்றால் பேனா அப்படியே நின்றுவிடும்.

அந்தப் பெண்ணை அடுத்த வருஷம் எங்கள் மேனேஜ்மெண்டின் இன்னொரு கேம்பஸில், ஐஐடி ஃபவுண்டேஷன் பேட்சில், ஹாஸ்டலோடு சேர்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. விடியற்காலை ஸ்டடி ஹவர், ராத்திரி ஸ்டடி ஹவர், வாராவாரம் பரீட்சை, ரேங்க் பலகை. முந்தின வருஷம் என் வகுப்பிலிருந்து அங்கே போன ஒரு பெண், பாதியில் திரும்பி வந்தபோது தலையில் அங்கங்கே முடி இல்லை. தானே பிடுங்கிக்கொண்டதாம். அந்தத் தலை என் கண்ணிலேயே நின்றது.

பெற்றோர் கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை. ஹாலில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு மேஜை, எனக்குப் பக்கத்து மேஜை இந்தி டீச்சர். கம்ப்ரஸர் வந்து உட்கார்ந்தார். தெலுங்கில், ஹால் முழுக்கக் கேட்கிறமாதிரி, மகளை அந்த பேட்சில் போடலாமா, தாங்குவாளா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாய் எனக்கு முன்னாலேயே, "பாகா சேஸ்துந்தி சார், தப்பகுண்டா வேயண்டி" என்றது. நன்றாகச் செய்கிறாள், கண்டிப்பாகப் போடுங்கள் என்று அர்த்தம்.

அவர் தலையாட்டிவிட்டு, குனிந்து பையில் எதையோ தேடினார். நான் பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு, தமிழில் கொட்டினேன்.

"அந்தப் பொண்ண ஹாஸ்டல்ல போட்டா துன்னாம தூங்காம செத்துப்பூடும் மேடம். கம்ப்ரஸர் ஜன்னல்ல வந்து நின்னாலே அதுக்குக் கை நனைஞ்சி பேப்பரு கிழியுது. கணக்குன்னா அதுக்கு பயமே இல்ல, இந்தாளுன்னாதான் பயம். எனக்குந்தான்."

இந்தி டீச்சர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்ரஸரின் போன் அடித்தது. எடுத்து, என் முகத்தையே பார்த்தபடி பேசினார்.

"எத்தன அடி போயிருக்குதுங்க? ஈரம் தெரியுதுங்களா? செரி, நிறுத்திப் போடுங்க. நான் வாத்தியாருகிட்ட பேசிட்டு வர்றனுங்க."

தமிழ். அதுவும் மரியாதை சொட்டுகிற மேற்கத்தித் தமிழ். போர் லாரிகளில் வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் சேலம், திருச்செங்கோடு பக்கத்து ஆட்கள், அவர்களோடு ஊர் ஊராகச் சுற்றி வந்தவருக்கு அந்தத் தமிழ் ஒட்டாமல் என்ன செய்யும் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது. போனை வைத்துவிட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். முதல் தடவையாக மெதுவான குரலில் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது.

ஞாயிற்றுக்கிழமை தெரியாத நம்பரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கடைசியில் பார்த்தால் கேஸ் சிலிண்டர்காரர். மனைவிக்கு விஷயத்தைச் சொன்னேன். வேலை போய்விடும், அடி விழுந்தாலும் விழும் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "எலும்ப ஒடச்சான்னா திரும்பி வர்ற வழியில புத்தூர்ல எறங்கி கட்டு போட்டுக்கினு வந்துடுங்க. தனியா பஸ் சார்ஜ் எதுக்கு?" என்றாள்.

சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது என் எலும்பு இல்லை. அந்த மனிதர் வீட்டுக்குப் போய் மகளை நிற்க வைத்து, 'என்னைப் பார்த்தால் உனக்குப் பயமா, வாத்தியாரிடம் சொன்னாயா' என்று அந்தக் குரலில் கேட்டிருப்பாரே. அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகப் பார்த்தது, நானாக உளறியது. மாட்டிக்கொள்வது அது.

திங்கட்கிழமை முதல் பீரியட் எட்டாம் வகுப்பு. உள்ளே நுழைந்ததும் அதன் இடத்தைத்தான் பார்த்தேன். காலியாக இருந்தது.

அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அதன் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டேன். பாதி வகுப்பில் ப்யூன் வந்து, மோட்டார் ரூம் பக்கம் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார். யார் என்று கேட்கவில்லை. கையில் இருந்த சாக்பீஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் போனேன்.

அவர் போட்ட போருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கத்தினாலும் யாருக்கும் கேட்காத இடம். நான் தெலுங்கில் மன்னிப்பு மாதிரி எதையோ ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெலுங்குல சொன்னதெல்லாம் போதுங்க வாத்தியாரே. அன்னைக்குத் தமிழ்ல சொன்னீங்களே, அத இன்னொருக்கா சொல்லுங்க."

முதலில், "பாப்பா இன்னிக்கி வரலியே சார்?" என்றேன். வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றார். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஜீப்பைப் பார்த்தேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

சொன்னேன். இவர் முன்னால் மழுப்பினால் வண்டியில் இருக்கிற பிள்ளை என்ன ஆகுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டை, நைந்த பேப்பர், ஜன்னல், நின்றுபோகிற பேனா, முந்தின வருஷத்துப் பெண்ணின் தலை. அந்தப் பாப்பா என்னிடம் எதுவுமே சொன்னதில்லை என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னேன். கம்ப்ரஸர் என்ற பெயரை விட்டுவிட்டேன். அவரே கேட்டார், அது தனக்கு வைத்த பெயரா என்று. ஆமாம் என்றேன். என் கையில் சாக்பீஸ் மாவாகியிருந்தது.

அவர் மோட்டார் ரூம் கதவைப் பார்த்துச் சொன்னார்.

"வீட்லயும் பாவாடைல கைய தொடச்சிட்டே இருக்கும்ங்க. வெயிலுக்குன்னு நெனச்சனுங்க."

பிறகு, ஹாஸ்டல் வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நாளைக்கு அவள் உருப்படாமல் போனால் நீங்கள் பொறுப்பா என்றார், பழைய குரலில். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எந்தக் கேள்விக்கும் அவரிடம் இல்லை என்று சொல்லும் சக்தி எனக்கு அப்போது இல்லை.

அவர் ஜீப்புக்குப் போய்க் கதவைத் திறந்தார். என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. கையை ஓங்குவாரோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் மகளின் கையைப் பிடித்தார். அது பயந்து பின்னால் இழுத்தது. விடவில்லை. உள்ளங்கையைத் திருப்பி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். தன் சட்டையில் அதைத் துடைத்தார். பிறகு புத்தகப் பையை எடுத்துக் கொடுத்தார். அது என்னைத் தாண்டி, தலையைத் தூக்காமல், வகுப்புக்கு ஓடியது.

ஹாஸ்டலில் சேர்க்கவில்லை. அவர் திருந்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அரை மார்க்குக்கு இன்னும் வருகிறார், இன்னும் கத்துகிறார், இப்போது தமிழிலும் கத்துகிறார். ஆனால் ஜன்னலுக்கு வருவதில்லை. கேட்டுக்கு வெளியே ஜீப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

ஒருநாள் மதியம் ஸ்டாஃப் ரூமில் இந்தக் கதையை நான் கொஞ்சம் உப்பு காரம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். மோட்டார் ரூமில் நான் அவர் கண்ணைப் பார்த்துப் பேசினதாக ஒரு வரி வேறு சேர்த்திருந்தேன். சயின்ஸ் டீச்சர் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். இந்தி டீச்சர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"அந்தாளுக்குத் தமிழ் தெரியாம இருந்திருந்தா அந்தப் பொண்ணு இன்னேரம் ஹாஸ்டல்ல இருந்திருக்கும் சார். நீங்க ஒண்ணும் கிழிக்கல."