மூடியைத் திறந்து தூவிய திருநீறு

தொண்ணூறுகளில் நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் இருந்தபோது, பல்கலைக்கழகத்தில் படித்த என் மனைவியின் தங்கை விடுமுறைக்கு வந்தாள். வலையில் சிக்கிய கடற்பஞ்சுக்குள் வாழும் பாக்டீரியாக்களை எடுத்து, கடற்பாசிக் கூழ் ஊற்றிய ஐந்து கண்ணாடித் தட்டுகளில் புள்ளி புள்ளியாக வளர்த்தாள். அவற்றில் ஒன்றாவது மற்றக் கிருமிகளைக் கொல்லும் பொருளைச் சுரக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.

பிள்ளை பாவம் என்று, காலைப் பூசை முடிந்ததும் மூடிகளைத் திறந்து, தட்டுக்கு ஒரு சிட்டிகை திருநீறு தூவினேன்.

மூன்றாம் நாள் தட்டெல்லாம் பூஞ்சணம்.

"அத்தான், ஆர் மூடியைத் திறந்தது?"

"நான்தான். நல்லா வரட்டும் எண்டு திருநீறு போட்டனான்."

"கிருமியைக் கொல்ல நான் வழி தேடுறன், நீங்கள் கிருமிக்கு அருச்சனை செய்திருக்கிறியள்."

அழப்போகிறாள் என்று பயந்து பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். அவள் கடைசித் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் பூஞ்சணம் அண்டாமல் வட்டமாக வெளித்திருந்தது.

"இந்தப் பாக்டீரியாதான் ஏதோ சுரக்குது. பூஞ்சணத்தையே கிட்ட விடேல்லை."

"அப்ப திருநீறு வேலை செய்திருக்கு."

"ஓம், பூஞ்சணத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கு."

சிரித்தபடி அந்தப் புள்ளியை ஊசியால் தொட்டுப் போத்தலுக்குள் இட்டு, இறுக மூடி என்னிடம் நீட்டினாள்.

"இப்ப பூசுங்கோ அத்தான். மூடிக்கு மேல மட்டும்."