வாயைத் திறக்காத மாப்பிள்ளை

என் கணவரைத் தங்கமான மனுசன் என்று ஊரே சொல்லும். காரணம், அவர் வாயைத் திறந்து பேசமாட்டார். பெண் பார்க்க எங்கள் சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான். கேட்டதற்கெல்லாம் உதடு அசையாமல் "ஆமாங்க", "சரிங்க". என்ன அடக்கம் என்று என் அப்பா பூரித்துப்போனார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருப்பவர் கன்னத்தில் என்ன அடக்கி வைத்திருப்பார் என்று யோசிக்க எங்கள் சனத்தில் ஒருவருக்கும் துப்பில்லை. கல்யாணத்தன்று நான் ஊட்டிய லட்டு வாய்க்குள் நுழையாமல் பாதி அவர் வேட்டியில் உதிர்ந்தது. அதற்கும் கூச்சம் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

குடித்தனம் தொடங்கியதும் பழி என் குழம்பின் மேல் விழுந்தது. ஒரு கவளம் உள்ளே போனால் அவர் கண்ணில் தண்ணீர் கட்டிவிடும். "ஏன் அம்மணி, மொளகாயை அளந்து போடமாட்டியா?" என்பார் மாமியார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த வீட்டில் தின்ன முடியாதவருக்குக் குழம்பு கோணல். மிளகாயே கிள்ளிப் போடாமல் ரசம் வைத்தேன், அதுவும் எரிந்தது. மிளகு கூடிப்போச்சு என்றார்கள்.

கடைசியில் அவரைக் கோவையில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் விடச் சொன்னார். அவருக்கு ஒன்றரை விரல்தான் போனது. உள்கன்னம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்திருந்தது.

"நமக்குத் தெரியறது மேல்தோல் மட்டுந்தானுங்க," என்றார் டாக்டரம்மா. "அதுக்கு அடியில நார் உண்டாக்குற செல்லுங்க இருக்கு. மேல்தோல் தடிக்கறதா மெலியறதான்னு கீழ இருந்து சேதி அனுப்பறது அதுகதான். பாக்குச் சாறு எறங்கினா, புண்ணு பட்டுப்போச்சுன்னு நெனச்சு நிறுத்தாம நாரை உண்டாக்கிட்டே இருக்கும். நார் இறுகினா ரத்த ஓட்டம் குறையும். மேல்தோல் வெளுத்து மெலிஞ்சு எரியும். பாக்கை இன்னைக்கே விட்டுப்போடுங்க. இல்லீன்னா இது புத்துநோயா மாறலாமுங்க."

இத்தனையும் கேட்டுவிட்டு என் தங்கமான மனுசன் கேட்டார்: "மேல தடவ ஏதாச்சும் இருந்தா குடுங்க."

எனக்குக் கோபம்கூட வரவில்லை, இளக்காரம்தான் வந்தது. அன்றிலிருந்து ஒரு கன்னத்தில் களிம்பு, மறு கன்னத்தில் பாக்கு. "கொட்டையைக் கடிச்சுப் பாக்காம யாவாரம் எப்படிப் பண்றது?" என்று வியாக்கியானம் வேறு. பயமும் இருந்தது. நாளைக்குப் புற்று வந்தால் ஆஸ்பத்திரியில் கூட உட்காரப்போவது ஊர் இல்லை, நான்.

போன தை மாதம் காரமடையில் என் நாத்தனார் மகளுக்கு நிச்சயம். வெற்றிலை பாக்குத் தட்டு சுற்றி வந்தது. அவர் கை நீண்டது. நான் சபை நடுவில் சத்தமாகவே சொன்னேன்: "ஏனுங்க, வாயைத் தொறங்க. எத்தனை விரல் போகுதுன்னு எல்லாரும் பாக்கட்டும். இன்னும் அந்தப் பாக்கைத் தின்னா புத்து வருமுன்னு டாக்டர் சொன்னதையும் கேட்டுக்கட்டும்."

மாமியார் என் சேலையைப் பிடித்து இழுத்தார். என் கணவர் சொன்னபடியே வாயைத் திறந்தார். இப்போது ஒரு விரல்தான் போனது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இன்றைக்காவது இந்தச் சனத்துக்குக் கண் திறந்ததே என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "சபையில பொண்டாட்டி சொன்னதும் எதுத்துப் பேசாம வாயைத் தொறக்கறாருன்னா, எத்தனை தங்கமான மனுசனுங்க!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். யாரோ தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார்கள். "ரொம்ப சந்தோசமுங்க" என்று உதடு அசையாமல் சொல்லிவிட்டு, ஒரு பாக்கை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.